பழைய லிஃப்ட்டுக்குப் புதிய தரம்: பராமரித்து ஓட்டுவதா, பாகங்களை மாற்றுவதா, முழுவதும் புதிதாகப் போடுவதா?

லிஃப்ட்டுக்கான ஐ.எஸ். 17900 என்ற இந்தியத் தரம் 2022-ல் வெளிவந்தது. அதற்கு முன் நடைமுறையில் இருந்தது ஐ.எஸ். 14665, அது 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்தது. புதியது சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 8100-ஐத் தழுவியது என்பதால் கதவு, பிரேக், பிட் (லிஃப்ட் ஓடும் பாதையின் அடிப்பள்ளம்) எல்லாவற்றிலும் கேட்பது அதிகம். தமிழ்நாட்டில் லிஃப்ட்டுகள் 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு லிஃப்ட்டுகள் மற்றும் எஸ்கலேட்டர்கள் சட்டத்தின் கீழ் வருகின்றன. நிறுவ அனுமதி, ஓட்ட உரிமம், ஆய்வு எல்லாம் அரசின் மின் ஆய்வுத் துறை வழியாகத்தான். தரம் மாறும், விதி திருத்தப்படும் என்று பேச்சு வந்தாலே குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் எழும் கேள்வி ஒன்றுதான்: “நம்ம லிஃப்ட் 1996-ல போட்டது. இதை என்ன செய்யறது?”

புதிய தரம் பொதுவாகப் புதிய லிஃப்ட்டைத்தான் கட்டும். பழையது, அது நிறுவப்பட்ட காலத்துத் தரப்படி இருந்து, ஆய்வில் தேறினால் ஓடலாம். சில இடங்களில் அரசே பழைய லிஃப்ட்டுக்கும் பட்டியலும் கெடுவும் கொடுத்தது. பிரான்ஸ் 2003-ல் சட்டம் இயற்றி, பழைய லிஃப்ட்டுகளை மூன்று தவணைகளில் திருத்தச் சொன்னது. கடைசிக் கெடு 2018. கதவுப் பூட்டு முதல் தவணையிலும், மேல்நோக்கி வேகம் மீறுவதைத் தடுப்பது கடைசித் தவணையிலும் வந்தன. நியூயார்க் நகரம், கதவுப் பூட்டின் மின்சுற்றைக் கண்காணிக்கும் ஏற்பாட்டைத் தானியங்கி லிஃப்ட்டுகளுக்கு 2020 ஜனவரி 1-க்குள் கேட்டது. ஒற்றை பிளஞ்சர் பிரேக்கை (ஒரே உந்துதண்டை நம்பியிருக்கும் பிரேக்) மாற்ற 2027 ஜனவரி 1 வரை நேரம் கொடுத்தது. இரண்டு இடத்திலும் கதவு முன்னால், இயந்திரம் பின்னால். கேபினுக்குள் கண்ணாடி பதிப்பதும் ஸ்டீல் தகடு ஒட்டுவதும் இந்தக் கெடுக்களில் எங்கும் இல்லை. இங்கே சங்கங்கள் பணம் செலவிடும் வரிசை பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இருப்பதால்தான் இந்த ஒப்பீடு.

கையில் இருக்கும் வழிகள் மூன்று. ஏ.எம்.சி.யை (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) தொடர்ந்து குறைந்தபட்சத் திருத்தங்களோடு ஓட்டுவது. கதவு, கன்ட்ரோலர் (லிஃப்ட்டை இயக்கும் மின் கட்டுப்பாட்டுக் கருவி), பிரேக் என்று முக்கியமானதை மட்டும் மாற்றுவது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிய லிஃப்ட் போடுவது. எது சரி என்பது, உங்கள் லிஃப்ட்டில் எந்த ஆபத்து இருக்கிறது, உங்கள் ஷாஃப்ட் (லிஃப்ட் ஏறி இறங்கும் சுவர்க்கூண்டு) எதற்கு இடம் கொடுக்கிறது என்ற இரண்டையும் பொறுத்தது. எனவே முதலில் ஆபத்து.

கதவு

கொலாப்சிபிள் கேட் இருக்கும் லிஃப்ட்டில் முதல் ஆபத்து கண்ணுக்கு நேராகவே தெரியும்: கேபின் நகரும்போது கம்பி இடைவெளியில் குழந்தையின் கை, கால், பை, துப்பட்டா வெளியே போய்ச் சுவரில் சிக்கலாம். புதிய தரம் துளையில்லாத கதவைக் கேட்பதன் காரணம் இதுதான். இரண்டாவது ஆபத்து தெரியாது. அது பூட்டில் இருக்கிறது.

மாடிக் கதவின் பூட்டில் ஒரு கொக்கியும் ஒரு மின் கான்டாக்டும் உண்டு. கொக்கி குறைந்தது 7 மி.மீ. உள்ளே போன பிறகே கான்டாக்ட் சேர வேண்டும். தேய்ந்த பூட்டில் இந்த வரிசை மாறிவிடும். கான்டாக்ட் முதலில் சேர்ந்து லிஃப்ட் கிளம்பிவிடும், கொக்கியோ நுனியில் தொங்கும். அந்த மாடியில் யாராவது கேட்டை இழுத்தால் திறந்துகொள்ளும். முன்னால் கேபின் இருக்காது. லிஃப்ட் பள்ளத்தில் ஆட்கள் விழும் விபத்துகளுக்கு முக்கியமான வழி இது.

இதைவிட மோசமானது ஷார்ட் செய்து விடுவது. ஒரு மாடியின் கான்டாக்ட் அடிக்கடி விடுபட்டு லிஃப்ட் நின்றால், பழுதைத் தேடக் கன்ட்ரோலரில் ஒரு வயரைப் போட்டு அந்தக் கான்டாக்டைத் தாண்டி ஓட்டிப் பார்ப்பார்கள். வேலை முடிந்து வயரை எடுக்க மறந்தால் லிஃப்ட் ‘நன்றாக’ ஓடும். யாரும் புகார் செய்ய மாட்டார்கள். வழக்கமான சோதனையிலும் இது பிடிபடாது. இரண்டு கேட்டையும் திறந்துவைத்துப் பட்டனை அழுத்தி, “ஓடலை, சரியா இருக்கு” என்று முடித்துவிடுவார்கள். கேபின் கேட்டின் கான்டாக்டும் மாடிக் கேட்டின் கான்டாக்டும் தொடர் சுற்றில் இருப்பவை. ஒன்று ஷார்ட் ஆகியிருந்தாலும் மற்றது லிஃப்ட்டை நிறுத்திவிடும். எனவே தனித்தனியாகப் பார்க்க வேண்டும்: கேபின் கேட்டை மூடி மாடிக் கேட்டை மட்டும் திறந்துவைத்து ஒரு முறை, மாடிக் கேட்டை மூடி கேபின் கேட்டை மட்டும் திறந்துவைத்து ஒரு முறை. ஒவ்வொரு மாடியிலும், மெக்கானிக் உடன் இருக்கும்போது மட்டும். நியூயார்க் கேட்ட ஏற்பாடு இந்த வேலையைத்தான் கன்ட்ரோலரே ஒவ்வொரு நிறுத்தத்திலும் செய்யும்படி வைக்கிறது: கதவு திறந்தும் கான்டாக்ட் பிரியவில்லை என்றால் அடுத்த பயணம் கிடையாது.

பிரேக்

கயிறு அறுந்து லிஃப்ட் கீழே விழும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறோம். நான்கைந்து கயிறுகளும், கவர்னரும் (வேகம் மீறினால் உணரும் கருவி), சேஃப்டி கியரும் (அப்போது ரெயிலைக் கவ்விக் கேபினை நிறுத்தும் பாகம்) இருப்பதால் அது மிக அரிது. நிஜமாக நடப்பது, பிரேக் பிடிக்காமல் கேபின் மேலே போவது.

கணக்கைப் பாருங்கள். 8 பேர், 544 கிலோ லிஃப்ட். கேபின் எடை 700 கிலோ என்று வைத்துக்கொண்டால், கவுன்டர் வெயிட் (கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிர் எடை) கேபின் எடையோடு பாதிச் சுமையையும் சேர்த்து 700 + 272 = 972 கிலோ. கேபினில் நான்கு பேர் இருந்தால் இரு பக்கமும் சமம். காலியாக இருந்தால் 272 கிலோ கேபினை மேலே இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது பிரேக் மட்டுமே. பழைய இயந்திரங்கள் பலவற்றில் பிரேக்கின் இரண்டு ஷூவும் ஒரே பிளஞ்சரை நம்பியிருக்கும். துருவாலோ அழுக்காலோ பிளஞ்சர் ஒட்டிக்கொண்டால், லைனிங்கில் கியர் ஆயில் கசிந்தால், இரண்டு ஷூவும் சேர்ந்தே கைவிடும். ஒருவர் காலை உள்ளே வைக்கும்போது கதவு திறந்தபடியே கேபின் மேலே கிளம்பும். பழைய சேஃப்டி கியர் கீழ்நோக்கி மட்டும் பிடிப்பது. மேலே போவதை அது தடுக்காது.

புதிய தரம் இதற்காக இரண்டைக் கேட்கிறது: மேல்நோக்கி வேகம் மீறினால் நிறுத்தும் ஏற்பாடு, கதவு திறந்திருக்கும்போது கேபின் தானாக நகர்ந்தால் 1.2 மீட்டருக்குள் நிறுத்தும் ஏற்பாடு. இரண்டும் பழைய லிஃப்ட்டில் இருக்காது.

முதல் வழி: ஏ.எம்.சி.யோடு குறைந்தபட்சத் திருத்தம்

மலிவானது, லிஃப்ட் ஓரிரு நாளுக்கு மேல் நிற்காது. கேபின் கீழ்ப்புறத்து ஏப்ரன் தகட்டை நீட்டுவதிலிருந்து தொடங்கலாம். லிஃப்ட் இரு மாடிக்கு நடுவே நின்று, உள்ளே இருப்பவர் கதவைத் திறந்து கீழ் மாடியில் குதிக்க முயலும்போது, கேபினுக்கு அடியில் திறந்து கிடக்கும் இடைவெளி வழியே பள்ளத்துக்குள் சரிந்துவிடுகிறார்கள். 750 மி.மீ. உயரத் தகடு இருந்தால் அந்த இடைவெளி மூடப்படும். பழைய லிஃப்ட்டுகளில் இது மிகவும் குட்டையாகத்தான் இருக்கும். பிட் ஆழம் போதாத இடத்தில் மடங்கும் வகை ஏப்ரன் போட வேண்டும்.

கூடவே எல்லா மாடிப் பூட்டுகளையும் புதிதாக்குவது, எடை மீறல் எச்சரிக்கை, கேபினில் அவசர விளக்கும் பேசும் வசதியும், பிட்டில் நிறுத்தும் சுவிட்ச், கேபின் கூரையில் மெக்கானிக்குக்கான கட்டுப்பாட்டுப் பெட்டி. கயிற்றின் விட்டத்தை வெர்னியர் அளவுகோலால் அளக்கச் சொல்லுங்கள்: 13 மி.மீ. கயிறு 11.7-க்கு வந்தால், அதாவது 10 சதவீதம் தேய்ந்தால், மாற்றியே ஆக வேண்டும். கயிற்றின் மேல் சிவப்புப் பொடி தெரிந்தால் உள்ளே துருப்பிடித்து அரைபடுகிறது. அங்கே விட்டத்தை அளந்து காத்திருப்பதில் பயனில்லை.

சென்னை, கடலூர் போன்ற ஊர்களில் இன்னொன்றும் உண்டு. ஐப்பசி கார்த்திகை மழையில் பிட்டில் தண்ணீர் நிற்கும். கவர்னர் கயிற்றை இறுக்கி வைக்கும் எடையும், அதன் சுவிட்சும், பஃபரும் (அடியில் மோதலைத் தாங்கும் ஸ்பிரிங் போன்ற தாங்கி) அங்கேதான் இருக்கின்றன. அந்த எடை துருப்பிடித்துச் சிக்கினால் சேஃப்டி கியர் வேலை செய்ய வேண்டிய நேரத்தில் செய்யாது. பிட்டுக்கு நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சும் ஒரு சிறு சம்ப்பும் பம்பும் இந்த வழியிலேயே செய்துவிட வேண்டியவை. கனமழை அறிவிப்பு வந்தால் கேபினை மேல் மாடியில் நிறுத்தி மெயினை அணைத்துவிடுங்கள்.

இந்த வழியால் தீராதது பிரேக். கொலாப்சிபிள் கேட்டும் அப்படியே இருக்கும். எனவே இதை இரண்டு மூன்று ஆண்டுக்கான தற்காலிக ஏற்பாடாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். “பத்து வருஷம் ஓடும்” என்று யாராவது சொன்னால், எந்த ஆபத்து நீங்கியது என்று எழுதிக் கேளுங்கள்.

இரண்டாவது வழி: பாகங்களை மாற்றுவது

ஷாஃப்ட், கைடு ரெயில் (கேபின் ஓடும் தண்டவாளம்), மெஷின் ரூம், கவுன்டர் வெயிட் சட்டம் (ஃபிரேம்) இருந்தபடியே இருக்கும். கதவுகள், கன்ட்ரோலர், வயரிங், பிரேக் மாறும். நான்கு, ஐந்து மாடிக் கட்டடங்களில் பெரும்பாலானவர்களுக்கு இதுதான் பொருந்தும் என்பது எங்கள் கருத்து. ஆனால் தவறுகள் அதிகம் நடப்பதும் இங்கேதான்.

முதல் தவறு, கன்ட்ரோலரை மட்டும் மாற்றுவது. விற்க எளிது, நாலைந்து நாளில் முடியும், லிஃப்ட் குலுங்காமல் நிற்கும், மாடித் தரையோடு சமமாக வந்து நிற்கும். எல்லோருக்கும் திருப்தி. ஆனால் பழைய கேட், பழைய பூட்டு, பழைய பிரேக் அப்படியே. பணம் குறைவு என்றால் கதவை முதலில் செய்யுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடிந்தால் அதுவே சிக்கனம்: கேபினுக்குப் போகும் தொங்கு கேபிளைத் தானியங்கிக் கதவுக்காக மீண்டும் ஒருமுறை மாற்ற வேண்டியிருக்காது.

இரண்டாவது தவறு கொட்டேஷனில் ஒளிந்திருக்கும். ‘தானாக நகர்வதைத் தடுக்கும் வசதி உண்டு’ என்று ஒரு வரி இருக்கும். கன்ட்ரோலர் அந்த நகர்வைக் கண்டுபிடிக்கும், உண்மைதான். நிறுத்துவது யார்? அதே பழைய ஒற்றை பிளஞ்சர் பிரேக் என்றால் அந்த வரிக்கு மதிப்பில்லை. வார்ம் கியர் (திருகு வடிவப் பல்சக்கரம்) இயந்திரத்தில் பிரேக் மோட்டார் பக்கத்து வேகத் தண்டில் இருக்கிறது; அதற்கும் கயிறு ஓடும் சக்கரத்துக்கும் நடுவே கியர் முழுவதும் இருக்கிறது. எனவே அங்கே கயிற்றையே கவ்விப் பிடிக்கும் ரோப் பிரேக் போன்ற ஒன்று தனியாக வேண்டும். கியர் இல்லாத இயந்திரமாக மாற்றினால் அதன் இரட்டை பிரேக் சக்கரத்தின் மீதே பிடிக்கும். தனி ரோப் பிரேக் தேவைப்படாது. கண்டுபிடிக்கும் பாகம் எது, நிறுத்தும் பாகம் எது, இரண்டின் சான்றிதழ் எண் என்ன என்று மூன்றையும் கேளுங்கள்.

மூன்றாவது, எடை. தானியங்கிக் கதவும் அதன் மோட்டாரும் கேபின் எடையைக் கூட்டும். அதோடு கிரானைட் தரையும் போட்டால்? 8 பேர் கேபினின் தரை 1.3 × 1.1 மீட்டர், அதாவது 1.43 சதுர மீட்டர். 18 மி.மீ. கிரானைட் சதுர மீட்டருக்குச் சுமார் 49 கிலோ. மொத்தம் 70 கிலோ, ஒரு ஆளின் எடை. கவுன்டர் வெயிட்டைச் சரிசெய்யாமல் விட்டால் பாதிச் சுமை என்ற சமநிலை கெட்டு, மோட்டார் சூடாகும், நிறையச் சுமையில் கயிறு சக்கரத்தில் வழுக்கும். வழுக்குகிறதா என்று பார்க்கச் சாக்பீஸ் போதும்: சக்கரத்திலும் கயிற்றிலும் ஒரே கோடு போட்டு, முழுத் தூரம் ஏற்றி இறக்கி, கோடு எவ்வளவு விலகியது என்று பாருங்கள். தரைக்கு கிரானைட் வேண்டாம், வினைல் போடுங்கள்.

கதவுக்கு இடம் இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே அளக்க வேண்டும். தானியங்கிக் கதவின் சில் (கதவு ஓடும் கீழ்ச்சட்டம்), கேபின் பக்கமும் மாடிப் பக்கமும், கொலாப்சிபிள் கேட்டைவிட ஆழமாக இடம் பிடிக்கும். ஷாஃப்ட் சிறிதாக இருந்தால் கேபினின் ஆழம் குறையும். சக்கர நாற்காலி பயன்படுத்துபவர் இருக்கும் குடியிருப்பில் அந்தக் குறைவே பெரிய சிக்கலாகிவிடும். நடுவழி ஒன்று உண்டு: மாடியில் பார்வைக் கண்ணாடியோடு கீல் வைத்த துளையில்லாத கதவு, கேபினில் மட்டும் தானியங்கிக் கதவு. முழுத் தானியங்கி அளவுக்கு வசதி இல்லை. கை சிக்கும் ஆபத்து நீங்கிவிடும். கேபின் கதவில் ஒளித்திரை (கதவுக்கு நடுவே எதுவும் இருந்தால் உணரும் பல கதிர் சென்சார்) கட்டாயம். ஒற்றைக் கதிர் சென்சார் முழங்கால் உயரத்தில் மட்டும் பார்க்கும். ஒளித்திரை தரையருகிலிருந்து தோள் உயரம் வரை பார்க்கும்.

மின்வெட்டுக்கு ஏ.ஆர்.டி. (பேட்டரியில் இயங்கும் மீட்புக் கருவி) இருந்தால் கேபினைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுவந்து கதவைத் திறக்கும். அதன் பேட்டரிதான் பலவீனம். மாதாந்திரப் பராமரிப்பில் மெயினை அணைத்துச் சோதிப்பதை ஏ.எம்.சி. ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

மூன்றாவது வழி: முழுவதும் புதிது

புதிய தரத்தை முழுமையாகப் பெறும் ஒரே வழி இது. ஆனால் கட்டடம் இடம் கொடுக்க வேண்டும். கேபின் முழுவதும் கீழே வந்து பஃபர் அமுங்கிய நிலையிலும் பிட்டில் ஒருவர் பதுங்க இடம் இருக்க வேண்டும். குனிந்து உட்காரும் நிலைக்கு 0.5 × 0.7 மீட்டரும் 1 மீட்டர் உயரமும். கூரையிலும் அப்படியே. 1990-களில் கட்டிய பல கட்டடங்களில் பிட் ஆழம் இதற்குப் போதாது. ஆழப்படுத்தலாம் என்றால் கீழே அஸ்திவாரம் இருக்கலாம், நிலத்தடி நீர் இருக்கலாம். கட்டமைப்புப் பொறியாளர் பார்த்து எழுதித் தராமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். லிஃப்ட் வந்து இறங்கிய பிறகு பிட் போதவில்லை என்று தெரிந்தால், தரத்தில் சமரசம் செய்துதான் முடிப்பார்கள்.

மெஷின் ரூம் இல்லாத வகையை இப்போது அதிகம் விற்கிறார்கள். ஏற்கெனவே மொட்டை மாடியில் மெஷின் ரூம் இருந்தால் அதை விட்டுவிட நாங்கள் சொல்ல மாட்டோம். மெக்கானிக் நின்று வேலை செய்ய இடம், கேபின் சிக்கினால் பிரேக்கைக் கையால் விடுவிக்கும் எளிமை, இரண்டும் அங்கே கிடைக்கின்றன. இயந்திரம் ஷாஃப்ட்டுக்குள் போனால் ஒவ்வொரு பழுதுக்கும் கேபின் கூரை ஏற வேண்டும்.

கன்ட்ரோலர் மூடிய வகையா என்றும் பாருங்கள். சில நிறுவனங்களின் கன்ட்ரோலரை அவர்களுடைய கருவி இல்லாமல் திறக்க முடியாது. வாரண்டி முடிந்த பிறகு அவர்கள் கேட்பதுதான் ஏ.எம்.சி. தொகை. வயரிங் வரைபடம், பாராமீட்டர் கடவுச்சொல், சர்வீஸ் கருவி மூன்றும் சங்கத்துக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

ஒரே லிஃப்ட் இருக்கும் கட்டடத்தில் முழு மாற்றம் என்றால் மாதக்கணக்கில் லிஃப்ட் இல்லை. நான்காம் மாடியில் டயாலிசிஸுக்குப் போய் வருபவரோ, முழங்கால் அறுவை செய்தவரோ இருந்தால், அந்த மாதங்களுக்கு அவருக்குக் கீழே ஒரு வீடு ஏற்பாடு செய்வதும் செலவுக் கணக்கில் வர வேண்டும். பாகங்களை மாற்றும் வழியில் இது வாரக்கணக்கில் முடியும்.

கைடு ரெயில் வளைந்திருந்தால், இயந்திரத்தின் கியரில் ஆட்டம் அதிகமாகியிருந்தால், உதிரிபாகம் கிடைப்பது நின்றுபோயிருந்தால், பிட்டும் ஷாஃப்ட்டின் மேல்புற இடமும் போதுமானதாக இருந்தால் மூன்றாவது வழிக்குத் துணிந்து போகலாம். ரெயிலும் சட்டமும் நேராக இருந்து, பிட் மட்டும் குட்டையாக இருந்தால் இரண்டாவதே மேல். இந்த இரண்டுக்கும் பணம் சேரும் வரை முதலாவது. எந்த வழியானாலும், வேலை தொடங்கும் முன் மின் ஆய்வுத் துறையிடம் மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து, என்ன அனுமதி, என்ன ஆய்வு தேவை என்று கேட்டுவிடுங்கள்.

ஒப்படைக்கும் நாளில்

இரண்டாவது, மூன்றாவது வழிகளில் வேலை முடிந்ததும் நிறுவனத்தின் பொறியாளரை வைத்துக்கொண்டே சோதனை செய்ய வேண்டும். 544 கிலோ லிஃப்ட்டில் 125 சதவீதம், அதாவது 680 கிலோ ஏற்றி (20 கிலோ எடைகள் 34), முழு வேகத்தில் இறங்கும்போது மெயினை வெட்டினால் பிரேக் மட்டுமே கேபினை நிறுத்த வேண்டும். காலிக் கேபினை மாடியில் நிறுத்தி, தானாக நகர்வதுபோல் செய்து பார்த்தால் 1.2 மீட்டருக்குள் நிற்க வேண்டும். 544-ஐத் தாண்டி 75 கிலோ கூடுவதற்குள் எடை மீறல் மணி அடித்து, கதவு மூடாமல் நிற்க வேண்டும். கவுன்டர் வெயிட் பஃபரில் அமர்ந்த பிறகும் சக்கரம் சுற்றினால், கயிறு வழுக்க வேண்டுமே தவிர காலிக் கேபின் மேலே ஏறக் கூடாது. மாடிக்கு மாடி கேட் சோதனை தனித்தனியாக. ஒவ்வொன்றின் அளவும் தேதியோடும் கையெழுத்தோடும் தாளில் வந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.